மீந்த ரத்தம்

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எடுத்த ரத்தத்தில்
அரை மில்லி மீந்துபோகும்.
எறிய வேண்டியது.
எறிவதற்கு முன் எங்களிடம் வருகிறது,
பெயரை வாசலில் கழற்றி விட்டுவிட்டு
வயது, பால், எடுத்த மாதம்
இந்த மூன்றை மட்டும் உடுத்திக்கொண்டு.

நொவீனாவில் ஏழாவது மாடி.
ஜன்னல் இல்லாத அறை.
மைனஸ் எண்பதில் உறைந்த பெட்டிகளை
நோர்லைலா இரட்டைக் கையுறையோடு தூக்குவாள்.
"மீன் கடை மாதிரி இருக்கு" என்பாள்
ஒவ்வொரு திங்களும்.
யாரும் சிரிப்பதில்லை.
அவளும் எதிர்பார்ப்பதில்லை.

தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழிகள்.
தட்டம்மையை ஞாபகம் இருக்கிறதா என்று
ஒவ்வொரு துளியையும் கேட்கிறோம்.
இருந்தால் மஞ்சள்.
இல்லையென்றால் வெறும் தண்ணீர் நிறம்.
தொடக்கப்பள்ளி மண்டபத்தில் வரிசையில் நின்று
சட்டைக் கையைச் சுருட்டியதை
ஆள் மறந்திருப்பார்.
ரத்தம் பெரும்பாலும் மறப்பதில்லை.
பெரும்பாலும்.

செவ்வாய்க்கிழமை, ஜி வரிசை, ஐந்தாவது குழி.
பெண். முப்பத்து நான்கு. மார்ச்.
தண்ணீர்.

நானும் பெண்.
முப்பத்து நான்கு.
மார்ச்சில் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்
தைராய்டுக்கென்று கை நீட்டியவள்.

மறுபடி ஓட்டினேன்.
மறுபடி தண்ணீர்.

"யாருன்னு பாக்கவே முடியாதா?"
பதில் தெரிந்துதான் கேட்டேன்.
டாக்டர் சியூ யென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பாக்க முடியும்னா
அடுத்த வருஷம் இந்தக் குழாயே வராது."
பூட்டிவிட்டுச் சாவியை உருக்கிய பூட்டு அது.
உருக்கியது சரி என்று
கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

மாலை, சிவப்புத் தடத்து ரயில்.
தோ பாயோவில் ஏறியவள்
நின்றபடியே தூங்கினாள், தலை கம்பியில் இடிக்க.
நீயா?
பீஷானில் கோப்புகளை மார்போடு அணைத்தவள்,
சிவந்த நகங்கள், தேய்ந்த குதிகால்.
நீயா?
பக்கத்தில், தாயின் தோள்துணியில் இருந்த குழந்தை
என் அடையாள அட்டையின் நாடாவைப் பிடித்து
வாயில் வைத்துக்கொண்டது.
"சாரி, சாரி. பல் முளைக்குது. பதினொரு மாசம்."
பதினொரு மாதம்.
முதல் ஊசிக்கு இன்னும் நான்கு வாரம்.
அதுவரை இந்தப் பெட்டிக்குள் இருக்கும் நாங்கள்தான்
அதன் ஊசி:
தூங்குகிறவள், நகக்காரி,
தலைக்கவசத்தை மடியில் வைத்த கட்டுமானத் தம்பி,
நான்.
நாடாவைப் பிடுங்க மனம் வரவில்லை.
அங் மோ கியோவில் அவர்கள் இறங்கும்வரை
ஈரமாகிக்கொண்டே இருந்தது.

காத்திப்பில் இறங்கி
வீட்டுக்குப் போகாமல் மருந்தகத்துக்குப் போனேன்.
"முன்னாடி போட்டிருக்கீங்களா?" என்றார் மருத்துவர்.
"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன்.
"ரத்தத்துக்கு இருக்கான்னு தெரியல."
அவர் நிமிர்ந்து பார்த்தார்.
கர்ப்பமா என்று மட்டும் கேட்டார்.
இல்லை.
இடது கை.

புதன்கிழமை எண்களைப் பதிவேற்றினோம்.
நான் போட்டுக்கொண்டதால் அந்தக் குழி மஞ்சளாகாது,
அவள் நானாகவே இருந்தாலும்.
மார்ச் மார்ச்தான்.
முப்பதுகள் என்ற பத்தியில்
புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கமாக
அவள் உட்கார்ந்துவிட்டாள்.
யாரோ ஒரு கூட்டத்தில் அந்த இலக்கத்தின் மேல்
பேனா முனையை வைத்து நிறுத்துவார்கள்.
காப்பி ஆறும்.

பிறகு, ஒருவேளை, கடிதம்.
அவளுக்கு என்று அல்ல,
அந்த வயதில் உள்ள எல்லோருக்கும்.
ஏதோ ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில்
தபால்பெட்டியைத் திறந்து
மின்கட்டணத்துக்கும் பீட்சா விளம்பரத்துக்கும் நடுவே
அதை எடுப்பாள்.
மின்தூக்கி வரும்வரை படிப்பாள்,
அல்லது
விசிறிக்கொள்வாள்.